பாட்டுக்குக் கீழே ஒரு வரி

உங்கள் மனசில் இருப்பதை, யாரோ வேறொருத்தர் சங்கதி மாதிரி, நீங்கள் எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா?

டாக்டரிடம் போய், "என் ஃபிரண்டு ஒருத்தருக்கு ஒரு பிரச்சினை" என்று ஆரம்பித்திருப்பீர்கள். வீட்டில், "எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு வேற ஜாதிப் பையனை விரும்புதாம்" என்று சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் செய்வதுதான். மணிமொழியும் ஒரு தடவை அப்படிச் செய்தாள். அப்போது அவளுக்கு வயசு இருபத்து மூன்று. அதற்கப்புறம் அடுத்தவர்களுக்காகப் பேசுவதே அவளுக்குப் பிழைப்பாகிவிட்டது.

தி. நகரில் உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாத்திரக்கடைக்கு மேல்மாடியில், சுலோச்சனா என்கிற அம்மாள் திருமணத் தகவல் மையம் ஒன்று நடத்துகிறாள். மணிமொழி அங்கே பதினாறு வருஷமாக இருக்கிறாள். பெண் வீட்டார் சார்பாக மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசுவது அவள் வேலை. பெண் எப்படிப்பட்டவள், என்ன எதிர்பார்க்கிறாள், எதைக் கேட்டால் கோபம் வரும், எல்லாவற்றையும் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். கல்யாணமே ஆகாதவள் கல்யாணம் பேசலாமா என்று ஆரம்பத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். "பந்தி பரிமாறறவ சாப்ட்டுட்டா வந்து பரிமாறறா?" என்று சுலோச்சனா கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

இந்த வேலைக்கு மணிமொழி மனசுக்குள் வைத்திருந்த பேர் வேறு. தோழி.

பழைய காதல் பாட்டுகளைக் கொஞ்சம் படித்தவர்களுக்குத் தெரியும். அதில் ஒரு தலைவி இருப்பாள், ஒரு தலைவன் இருப்பான். தலைவிக்கு ஒரு தோழி இருப்பாள். பாதி வேலை தோழி தலையில்தான். தலைவனைத் திட்டுவது, தூது போவது, அம்மாக்காரியிடம் பொய் சொல்வது, கடைசியில் "சீக்கிரம் வந்து பெண் கேள்" என்று அவனை நெருக்குவது. தலைவி தன் வாயால் அதைக் கேட்கக் கூடாது. தோழிதான் கேட்க வேண்டும். ஆனால் அந்தத் தோழிக்கு யாரைப் பிடித்திருந்தது, அவள் கல்யாணம் என்ன ஆயிற்று என்று ஒரு பாட்டிலாவது யாராவது கேட்டிருக்கிறார்களா என்று மணிமொழி தேடிப் பார்த்திருக்கிறாள். அவள் கண்ணில் பட்ட வரை இல்லை.

ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்கு எல்லாமே அந்தப் பாட்டாகத்தான் தெரியும். பொருள் தேடப் போன தலைவன் கார்காலத்துக்குள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, விசா முத்திரைக்குத் தேதி கிடைக்காமல் இன்னும் டல்லாஸில் நிற்பான். அந்தக் காலத்தில் காதல் தெரிந்ததும் பெண்ணை வீட்டுக்குள் அடைத்தார்கள். இப்போது அவள் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்கள். பாட்டு அதேதான். சாமான்தான் மாறியிருக்கிறது.

அவள் இதையெல்லாம் காலேஜில் படிக்கவில்லை. நொச்சிக்குப்பத்தில் பிறந்தவள். அப்பா கட்டுமரக்காரர், அம்மா லூப் ரோட்டில் மீன் விற்றவள். பிளஸ் டூவுக்கு மேல் வசதியில்லை. மயிலாப்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்த காலத்தில், 2001-ல், லஸ் பக்கம் ராமானுஜம் என்பவர் ஒரு வாடகை நூலகம் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதன் மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் பழைய அகப்பாட்டு படிப்பார்கள். வாத்தியார் என்று யாரும் கிடையாது. அவரவருக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டியதுதான்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அந்தப் பாட்டு ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி அச்சடித்திருக்கும். யார், யாரிடம், எந்தச் சமயத்தில் சொன்னது என்று. 'பிரிவு தாங்காத தலைவி தோழிக்குச் சொன்னது' என்கிற மாதிரி. அந்த ஒரு வரி தெரியாவிட்டால் பாட்டு யாருடையது என்றே புரியாது. படிப்பு வட்டத்தில் அந்த வரியைக் கையால் மறைத்துக்கொண்டு பாட்டைப் படிப்பார்கள். பிறகு அவரவர் ஊகத்தை ஒரு சீட்டில் ஒரு வரியாக எழுதி நடுவில் போட வேண்டும். ராமானுஜத்துக்குக் காகிதம் செலவழிக்க மனசு வராது. வந்த பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதச் சொல்லுவார். இன்னொரு கண்டிப்பும் உண்டு. யார் பேரும் வரக்கூடாது. தலைவன், தலைவி, தோழி, அவ்வளவுதான். "பேர் வந்துட்டா அது பாட்டு இல்லை, ஊர் வம்பு" என்பார்.

வெங்கடரமணனை அங்கேதான் பார்த்தாள். மந்தைவெளிக்காரர். அவளை விட ஐந்து வயசு பெரியவர். ஒரு தனியார் கம்பெனியில் தராசும் மீட்டரும் பழுது பார்க்கிற வேலை. அதிகம் பேசமாட்டார். யார் என்ன எழுதினாலும் கடைசியில் அவர் எழுதின வரிதான் அச்சில் இருப்பதற்குப் பக்கத்தில் வரும்.

ஒரு ஞாயிறு நல்ல மழை. மணிமொழி போகவில்லை. அடுத்த வாரம் அவள் நோட்டுக்குள், வெங்கடரமணன் கையெழுத்தில், ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. 'மழை நாளில் வாராத தலைவியை நினைத்துத் தலைவன் தன் நெஞ்சுக்குச் சொன்னது.' மேலே பாட்டு எதுவும் இல்லை. வரி மட்டும்.

அவள் இன்னொரு டிக்கெட்டில் பதில் எழுதினாள். 'தடுத்தது மழை இல்லை, அண்ணன் குழந்தைக்குக் காய்ச்சல் என்று, வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற தலைவன் காதில் விழும்படி, தலைவி தோழிக்குச் சொன்னது.'

இப்படிப் பத்து மாசம் ஓடியது. வாரத்துக்கு ஒரு டிக்கெட் அவர் பக்கம், ஒரு டிக்கெட் இவள் பக்கம். நேரில் பேசினது மணி என்ன ஆகிறது, 12பி போய்விட்டதா, இவ்வளவுதான். அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. அவளும் கிடையாது. அதுதான் அழகு என்று இரண்டு பேருமே நினைத்தார்கள்.

அவளோடு ரத்னா என்று ஒரு பெண் துணைக்கு வருவாள். பக்கத்து வீடு. ரத்னாவை அனுப்பினால்தான் மணிமொழியை அனுப்புவேன் என்று அம்மாவின் கறார். ரத்னாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். சீட்டு எழுத வேண்டியிருந்தால் மணிமொழிதான் அவளுக்கும் சேர்த்து எழுதிப் போடுவாள். ரத்னா முதல் பாட்டிலேயே தூங்கிவிடுவாள். பத்தாவது மாசத்தில் அவளுக்கு ராயபுரத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள்; முழித்திருக்கும் நேரத்தில் அந்தக் கதையை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதே மாசத்தில்தான் மணிமொழிக்கும் காசிமேட்டிலிருந்து ஒரு இடம் வந்தது. அப்பாவுக்குப் பிடித்துப் போயிற்று. அவளுக்குப் பயம் வந்துவிட்டது. வெங்கடரமணனிடம் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது? தலைவி கேட்கக் கூடாது. அந்தப் பாட்டுகளில் எந்தத் தலைவியும் கேட்டதில்லை. முறைப்படி செய்தாள். டிக்கெட்டின் பின்னால் இப்படி எழுதி அவர் நோட்டுக்குள் வைத்தாள்:

'வேறிடத்திலிருந்து பெண் கேட்டு வருகிறார்கள், சீக்கிரம் வந்து பேசு என்று தோழி தலைவனிடம் சொன்னது.'

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது வாரம் ராமானுஜம், அவன் வேலை மாற்றிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டதாகச் சொன்னார்.

மணிமொழி அழவில்லை. மந்தைவெளி அக்ரகாரத்து வீட்டில் போய், நொச்சிக்குப்பம் என்ற பேரை அவரால் எப்படிச் சொல்ல முடியும்? இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆச்சரியமாக இல்லையே என்பதுதான் வலித்தது. காசிமேட்டு இடத்தை அவளே பிடிவாதமாகத் தட்டிக் கழித்தாள். பிறகு அப்பா படுத்தார், பிறகு அம்மா. வருஷங்கள் போனதே தெரியவில்லை. இப்போது குப்பத்து அடுக்குமாடியில் ஒரு அறையில் தனியாக இருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் கடல் சத்தம் வரும். பாட்டுகளில் கடற்கரை என்றாலே காத்துக்கிடக்கிற இடம். அதை நினைத்து அவள் ஒருநாளும் சிரிக்காமல் இருந்ததில்லை.

போன மாசம் ஆபீசுக்கு ஒரு விண்ணப்பப் பாரம் தபாலில் வந்தது. மறுமணம் தேடுவோர் கட்டுக்குள் இருந்தது. மனைவி இறந்து ஏழு வருஷம், குழந்தை இல்லை, வயசு ஐம்பத்திரண்டு, தரமணியில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் கருவிகள் பழுது பார்க்கும் பிரிவு. பேரைப் பார்ப்பதற்கு முன்பே கையெழுத்தைப் பார்த்துவிட்டாள். 'ழ'வை அடியில் ஒரு சுழி சுழித்து எழுதுகிற அந்தக் கை. ஜாதி என்ற இடத்தில் 'தடையில்லை' என்று இருந்தது. எதிர்பார்ப்பு என்ற இடத்தில், 'பேசாமல் இருந்தாலும் கோபித்துக்கொள்ளாதவர்' என்று இருந்தது.

அவள் பாரத்தைக் கட்டுக்கு அடியில் வைத்தாள். இரண்டு நாளில் சுலோச்சனாவே அதை வெளியே எடுத்தாள்.

மயிலாப்பூரில் ஹம்சினி என்று ஒரு பெண்மணி. வயலின் டீச்சர். நாற்பத்து நாலு வயசு. சின்ன வயசில் நடந்த கல்யாணம் இரண்டு வருஷத்தில் முறிந்தது. ஆறு மாசமாக மணிமொழிதான் அவளுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாரத்துக்கு மூன்று தடவை போனில் பேசுவார்கள். பாதி பேச்சு வரன் பற்றியே இருக்காது. ஹம்சினிக்கு இந்த மந்தைவெளி வரன் எல்லா விதத்திலும் பொருந்தும் என்று சுலோச்சனா சொன்னாள். பொருந்தத்தான் செய்தது. மணிமொழிக்கே அது தெரிந்தது.

மறுமணம் என்றால் அந்த ஆபீசில் ஒரு முறை உண்டு. பெண்ணுக்குப் போட்டோ காட்டுவதற்கு முன்னால், ஆபீஸ் ஆள் ஒருத்தர் மாப்பிள்ளையை நேரில் பார்த்துப் பேசிவிட்டு வர வேண்டும். சுலோச்சனாவுக்கு ஒரே ஒரு பயம்தான். வரன் தேடி வந்தவரை வேலை செய்கிறவளே வளைத்துப் போட்டுக்கொண்டாள் என்ற பேச்சு வந்தால் மையத்தை இழுத்து மூட வேண்டியதுதான் என்பாள். அதனால்தான் வயசான மணிமொழியை அனுப்புவதாக வேடிக்கையாகவும் சொல்லுவாள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு அடையாறு சிக்னல் பக்கத்து ஓட்டலில் பார்ப்பதாக ஏற்பாடு. போனில் அவள், "சென்டர்லேருந்து மணி பேசறேன்" என்று மட்டும் சொன்னாள். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கோபமும் கொஞ்சம் நிம்மதியும்.

அவர் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். தலை பூராவும் வெளுத்திருந்தது. அவள் ஃபைலோடு மேஜைக்கு வந்ததும் எழுந்து நின்றார். அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"மணிமொழி," என்றார்.

அவர் வாயில் அவள் பேர் வருவது அதுதான் முதல் தடவை. அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். காபி சொன்னார்கள். ராமானுஜம் காலமானது, நூலகம் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக்கடை இருப்பது, இதெல்லாம் பேசினார்கள். பிறகு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டது அவள் எதிர்பார்க்காத ஒன்று.

"ரத்னா எப்படி இருக்கா?"

ராயபுரத்தில் சௌக்கியமாக இருக்கிறாள், பேரன் பிறந்திருக்கிறான் என்றாள்.

"சந்தோஷமா இருக்காளா?"

"அவளுக்கு இன்னா சார், ராணி மாதிரி கீறா." ஆபீஸ் பேச்சு நழுவிக் குப்பத்துப் பேச்சு வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"அப்பாடா. இத்தனை வருஷமா இது ஒண்ணுதான் என்னை அரிச்சிண்டிருந்தது. நீங்க அவளுக்காக அவ்வளவு பொறுப்பா எழுதிக் குடுத்தேள். நான் பதில்கூடச் சொல்லாம ஓடிப் போயிட்டேன்."

"எதைச் சொல்றீங்க?"

அவர் சொன்னார். ஒரு எழுத்து பிசகாமல். வேறிடத்திலிருந்து பெண் கேட்டு வருகிறார்கள், சீக்கிரம் வந்து பேசு என்று தோழி தலைவனிடம் சொன்னது.

பிறகு அவர் மெதுவாக விளக்கினார். அந்த மாசம் ராயபுரத்து மாப்பிள்ளை கதையை ரத்னா ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். டிக்கெட்டைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ரத்னாவுக்கு எழுத வராது, மணிமொழிதான் அவளுக்குச் சீட்டு எழுதுவாள் என்பது வட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வீட்டுக்குப் போய்ப் பத்து மாசத்து டிக்கெட்டையும் எடுத்து வைத்துத் திரும்பப் படித்தாராம். அத்தனையும் ரத்னாவின் மனசு, கை மட்டும் மணிமொழியுடையது என்று அப்போதுதான் புரிந்ததாம்.

"நான் வேற மாதிரி நெனச்சிண்டிருந்துட்டேன். எனக்கு அப்போ மனசு வேற எடத்துல இருந்தது. அதைக் கொண்டுபோய்த் தோழிகிட்டயே எப்படிச் சொல்றது? அந்தப் பொண்ணுக்கும் துரோகம், உங்களுக்கும் அவமானம். அதான் வேலையை மாத்திண்டு போயிட்டேன்."

வேறு எந்த இடத்தில் என்று அவர் சொல்லவில்லை. அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் கேட்கவில்லை. கேட்டு, அது வேறு யாரோவாக இருந்துவிட்டால்? நாற்பத்தேழு வயசில் ஓட்டல் மேஜையில் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள அவளுக்குத் தெம்பில்லை.

அவள் செய்தது இதுதான். ஃபைலைத் திறந்தாள். ஹம்சினி எப்படிப்பட்டவள், கச்சேரிக்குப் போகாமல் ஏன் சொல்லித்தருவதோடு நின்றாள், காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள், சமையல் சுமாராக இருந்தாலும் ரசம் நன்றாக வைப்பாள், எல்லாவற்றையும் இருபது நிமிஷம் சொன்னாள். பதினாறு வருஷத்தில் அவள் இவ்வளவு நன்றாகப் பேசினது கிடையாது. அவர் கவனமாகக் கேட்டார். உங்களுக்குச் சரியென்று பட்டால் எனக்கும் சரிதான் என்றார்.

அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பெசன்ட் நகர் வந்து இறங்கினாள். கடற்கரையில் சனிக்கிழமைக் கூட்டம். வேளாங்கண்ணி கோயில் பக்கம் மெழுகுவர்த்தி விற்கிறவள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். மணலில் ஒரு பையனும் பெண்ணும் ஆளுக்கொரு போனைப் பார்த்தபடி முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மணிமொழி கொஞ்ச தூரம் தள்ளி உட்கார்ந்து ரத்னாவுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

ரத்னா முதலில் நம்பவில்லை. பிறகு அவள் சிரித்த சிரிப்பில் பேரன் முழித்துக்கொண்டு அழுதான்.

"என்னியாடி? அந்த ஐயரு என்னிய நெனச்சிக்கினா ஓடிப்போனாரு? நான் அங்க வந்ததே ஃபேன் காத்துக்குடி. நம்ம ஊட்ல அப்ப ஏது ஃபேனு? ஞாயித்துக்கெய்ம ஒரு மணி நேரம் நிம்மதியா தூங்கலாம்னு வந்தேன்."

"சிரிக்காதடி."

"சிரிக்காம இன்னா பண்ண சொல்ற? சரி, அவராண்ட சொன்னியா, அது நீதான்னு?"

"எப்டி சொல்றது? வேற பொம்பளைக்கு அவர பேசி முடிக்கத்தான் போனேன். அந்தம்மா என்னிய நம்பிக்கினு கீறாங்க. வேலையும் போயிடும்."

ரத்னா பேரனைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

"இந்தா மணி, நான் சொல்றத கேளு. அப்பவும் எவளோ சொல்ற மாதிரி சொன்ன. இப்பவும் எவளுக்கோ பேசிக்கினு கீற. ஊரு பொண்ணுங்களுக்கெல்லாம் பேசற வாயி, உனக்குன்னா மட்டும் ஏன் தொறக்க மாட்டேங்குது? அவரு வாணாம்னு சொன்னா சொல்லிட்டு போறாரு. ஆனா இன்னா, இந்த வாட்டி உன்னிய தெரிஞ்சிக்கினு சொல்லட்டும். என்னிய நெனச்சிக்கினு வாணாங்கக் கூடாது."

போனை வைத்துவிட்டு மணிமொழி அங்கேயே இருந்தாள். அலை வந்து வந்து போயிற்று. அந்தப் பத்து மாசத்தை மறுபடி நினைத்துப் பார்த்தாள். மாடிப்படியில் பழைய புஸ்தக வாசனை, பன்னிரண்டு பேர் கையால் வரியை மறைத்துக்கொண்டு குனிந்திருப்பது, ஜன்னல் வழியே லஸ் சிக்னலின் ஹாரன் சத்தம், நோட்டைத் திறக்கும்போது டிக்கெட் இருக்குமா இருக்காதா என்கிற அந்த ஒரு நொடி. இருபத்து நாலு வருஷமாக அதை ஒரு அவமானமாக மூட்டை கட்டி வைத்திருந்தாள். தன்னை ஒருத்தர் வேண்டாம் என்று சொன்ன கதையாக. இன்றைக்குத் தெரிந்துவிட்டது, அவளை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளை யாரும் கேட்கவே இல்லை. அவளும் கேட்கவில்லை.

ஹம்சினி வீட்டுக்கு ஏழு மணிக்கு வருவதாக மணிமொழி சொல்லியிருந்தாள். தெப்பக்குளத்துக்குப் பின்னால் சின்ன ஃபிளாட். உள்ளே இரண்டு குழந்தைகள் வயலின் சாதகம் செய்துகொண்டிருந்தார்கள். ஹம்சினி அவர்களை அனுப்பிவிட்டு, காபி கலந்து எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். புதுசாக மடித்த பருத்திப் புடவை கட்டியிருந்தாள். நல்ல செய்திக்குத் தயாராக இருந்தாள் என்பது தெரிந்தது.

மணிமொழி முதலில் அவளிடம்தான் சொன்னாள். அவரிடம் சொல்வதற்கு முன்னால் இங்கே சொல்லாவிட்டால் அது திருட்டு என்று வரும் வழியிலேயே முடிவு செய்திருந்தாள். அவர் நல்லவர் என்றாள். உங்களுக்காகப் பேசினேன், முழுசாகப் பேசினேன், அதில் குறை வைக்கவில்லை என்றாள். பிறகு டிக்கெட் கதையைச் சொன்னாள். இதற்கு மேல் இந்த வரனை உங்களுக்காக என்னால் பேச முடியாது, இன்றைக்கே அவரிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன், அவர் என்ன சொல்வார் என்று தெரியாது, அவர் என்னை வேண்டாம் என்றால் இந்த வரன் உங்களுக்கு அப்படியே இருக்கும் என்றாள்.

ஹம்சினி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"இது உங்களுக்குப் பாரம் வந்த அன்னிக்கே தெரியும், இல்லையா?"

"தெரியும் மேடம்."

"அப்பவே சொல்லியிருக்கப்படாதா? ஒரு வாரமா நான் ஆத்துல திரைச்சீலை மாத்திண்டிருக்கேன்."

மணிமொழி புது திரைச்சீலையைப் பார்த்தாள். வெளிர் பச்சை. அழகாகத்தான் இருந்தது.

"கோவமில்லைன்னு சொன்னா பொய். சுருக்குன்னு இருக்கு. உங்களை வேண்டாம்னு சொல்ற மனுஷன் எனக்கு எதுக்கு, உங்களை வேணும்னு சொல்ற மனுஷனும் எனக்கு எதுக்கு? என் ஃபைலை வேற யார்ட்டயாவது குடுத்துடுங்கோ." எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். மணிமொழி செருப்பை மாட்டும்போது, கொஞ்சம் குரலை இறக்கி, "தோழின்னு போட்டேளே, அது என்ன பைத்தியக்காரத்தனம்? யாரா இருந்தாலும் அப்படித்தான் புரிஞ்சிப்பா," என்றாள். கதவைச் சாத்தவில்லை. மணிமொழி படியிறங்கி முடியும் வரை விளக்கைப் போட்டு வைத்திருந்தாள்.

தெப்பக்குளத்து பஸ் ஸ்டாப்பில் மணிமொழி உட்கார்ந்தாள். 12பி ஒன்று வந்து போனது. ஏறவில்லை. போனை எடுத்து அவர் நம்பரைத் திறந்தாள். மேலே அவளே ஆபீஸ் சார்பில் அனுப்பியிருந்த செய்தி: 'வணக்கம் சார், சனி மாலை நாலு மணி, அடையாறு.'

பழைய வழக்கப்படியே எழுத ஆரம்பித்தாள். 'உண்மை தெரிந்த தலைவி' என்று அடித்துவிட்டு அழித்தாள். 'தோழி தன் குறையை' என்று அடித்துவிட்டு அதையும் அழித்தாள். இந்தத் தலைவி, தோழி எல்லாம் எவ்வளவு வசதியான திரை என்று இப்போது தெரிந்தது. பேர் வந்தால் ஊர் வம்பு என்று ராமானுஜம் சொல்லுவார். வரட்டும் என்று தோன்றியது. வம்புக்குப் பயந்து பேரை எடுத்தால், ஆளும் சேர்ந்து போய்விடுகிறது.

கடைசியில் அனுப்பினது இது:

'நொச்சிக்குப்பம் மணிமொழி, தனக்காகத் தானே, வெங்கடரமணனிடம் சொன்னது. அந்த டிக்கெட்டில் தோழி என்று யாரும் இல்லை. அதற்கு முன்னால் எழுதின எதிலும் இல்லை. எல்லாம் நான். ரத்னா ஃபேன் காற்றுக்காக வந்தவள். ஹம்சினி மேடத்திடம் சொல்லிவிட்டேன். உங்கள் மனசு எந்த இடத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும்.'

அனுப்பிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அடுத்த 12பி-யில் ஏறினாள். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். வழக்கம்போல அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். வீடு போய்ச் சேர்ந்து, மீன் குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட்டுப் படுத்தாள். போனைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. ஆபீசில் கூட்டம். காலை பத்தே காலுக்கு வெங்கடரமணன் மாடியேறி வந்தார். தன் பாரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். வாபஸ் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார். 'காரணம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். என்ன காரணம் என்று சுலோச்சனா கேட்டாள். அன்றைக்கு மனசு இருந்த இடம்தான் காரணம், மணிமொழியைக் கேளுங்கள் என்றார். ஹாலில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மணிமொழி எழுந்து, காரணம் நான்தான் என்று சொன்னாள்.